வீட்டோடு இருக்கிற அம்மாக்கள் தினமும் என்ன உடுத்துகிறீர்கள்? எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது?

பொருநைக்கரை (பாளையங்கோட்டை)

எல்லோருக்கும் வணக்கம். மூத்தவன் யு.கே.ஜி., சின்னவளுக்கு ஒன்றரை வயது. வேலையை விட்டுவிட்டு இப்போது வீட்டோடு இருக்கிறேன். பிரச்சினை சின்னதுதான், ஆனால் தினமும் உயிரை வாங்குகிறது. பீரோவில் ஆபீஸுக்குப் போட்ட சுடிதார்கள் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. கல்யாணத்துக்கும் சடங்குக்கும் வந்த சேலைகள் இன்னொரு தட்டு. நான் போடுவது என்னவோ கொடியில் கிடக்கும் நாலைந்து சாயம்போன நைட்டிதான்.

காலையில் நைட்டியில் சமையல். ஸ்கூல் வேன் வரும்போது தெருமுனைக்குப் போக சுடிதார். திரும்பி வந்ததும் நைட்டி. சிலிண்டர்காரர் வந்தால் மேலே ஒரு துண்டு. சாயங்காலம் மார்க்கெட்டுக்கு மறுபடி சுடிதார், கிளம்பும் நேரம் பார்த்துச் சின்னவள் தோளில் கக்கினால் இன்னொன்று. துவைக்கக் கிடக்கிற துணியில் பாதி, அரைமணி நேரம்கூட உடம்பில் இல்லாதது. அத்தை பொதுவாக ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் யாராவது வாசலில் வந்து நின்றால் "உள்ள போய் நல்லதா ஒண்ணு மாத்திட்டு வா" என்பார்கள்.

புதிதாக வாங்கிக் குவிக்கிற எண்ணம் இல்லை. அடுப்படியிலிருந்து தெருமுனை வரை ஒரே உடுப்பில் போய்வர முடிகிறவர்கள் இங்கே இருந்தால், என்ன உடுத்துகிறீர்கள் என்று சொல்லுங்கள். நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள். யூடியூபில் ஒன்றின்மேல் ஒன்றாகப் போடச் சொல்கிற கதையெல்லாம் அக்னி நட்சத்திரத்தில் இங்கே நடக்காது.

சாரல்தூறல் (தென்காசி)

நைட்டி, மேலே ஒரு துண்டு. தமிழ்நாட்டின் தேசிய உடை. இந்த விவாத இழையைப் பூட்டிவிடலாம் :)

தையல்மிஷின் (வீரவநல்லூர்)

வீட்டில் மிஷின் போட்டு அக்கம்பக்கத்தாருக்குத் தைத்துக் கொடுக்கிறேன். இதே புலம்பலோடு வருகிறவர்களுக்கு நான் சொல்வது, நைட்டிக்கும் சுடிதாருக்கும் நடுவில் ஒன்று தைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

முழங்காலுக்கு நாலு விரல் கீழே இறங்குகிற காட்டன் டாப். உடம்பைப் பிடிக்கக் கூடாது. கை முழங்கை வரை. கழுத்து, குனிந்து வாசல் பெருக்கினாலும் பயப்பட வேண்டாத அளவு. சைடு கட், அதாவது பக்கவாட்டுப் பிளவை, இடுப்பிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள், அது வீட்டுக்கு ஒத்துவராது. தொடைக்குக் கீழே ஆரம்பித்தால் தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் காய் நறுக்கலாம், எழுந்து அப்படியே வாசலுக்கும் போகலாம். மார்பில் யோக் (தனியாக வெட்டிய மேல்துண்டு) வைத்து அதிலிருந்து கொசுவம் விட்டால் ஷால் தேவைப்படாது. கீழே லெக்கின்ஸ் வேண்டாம், எலாஸ்டிக் வைத்த நேர் பேன்ட்.

துணி விஷயம்தான் முக்கியம். பாப்ளின், கேம்ப்ரிக் என்கிற காட்டன் வகைகள் இரண்டும் நம் வெயிலுக்கும் துவைகல்லுக்கும் தாங்கும். ரேயான் கடையில் தொங்கும்போது அழகாக இருக்கும், உடம்பிலும் வழுவழுவென்று நிற்கும். ஆனால் நனைந்தால் பலம் குறைகிற நூல் அது, அடித்துத் துவைக்கிற வீட்டுக்கு ஆகாது. அப்புறம், வாங்கிய காட்டனை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்த பிறகுதான் வெட்டக் கொடுக்க வேண்டும். 45 அங்குல டாப் முதல் துவைப்பிலேயே ஒன்றரை அங்குலம் ஏறிவிடும். ஏறிய பிறகு என்னிடம் வந்து சண்டை போட்டுப் பயனில்லை. ஒரு டாப்புக்கு இரண்டரை மீட்டர் பிடிக்கும்.

அம்பை ஆச்சி (அம்பாசமுத்திரம்)

பிள்ளைகளா, இந்த நைட்டி எல்லாம் வருவதற்கு முன்னால் நாங்கள் நூல் சேலையில்தான் அத்தனை வேலையும் பார்த்தோம். வெளிச்சேலை, வீட்டுச்சேலை என்று இரண்டு வகைதான். வெளிச்சேலை நைந்தால் வீட்டுக்கு வரும். வீட்டுச்சேலை நைந்தால் தொட்டில் கட்டப் போகும், அதுவும் கிழிந்தால் சட்டி இறக்கக் கைப்பிடித் துணி. முந்தியை இழுத்துச் செருகினால் அடுப்பு வேலை, எடுத்து விட்டால் யார் வந்தாலும் முன்னால் நிற்கலாம். நீ கேட்கிற "ஒரே உடுப்பு" அதுதானே?

ஆற்றங்கரையில் குளித்து அங்கேயே அலசி வீட்டுக்கு வருவதற்குள் பாதி காய்ந்திருக்கும். இப்போது யார் ஆற்றுக்குப் போகிறார்கள், அது வேறு கதை.

சாரல்தூறல் (தென்காசி)

ஆச்சி, பால் குடிக்கிற பிள்ளை முந்தியைப் பிடித்து இழுத்தால்?

அம்பை ஆச்சி (அம்பாசமுத்திரம்)

இழுக்கும். பிள்ளை என்றால் இழுக்கத்தான் செய்யும்.

முன்னாள் நர்ஸ் (வண்ணார்பேட்டை)

ஆச்சி சொல்கிற சேலையை நான் மறுக்கவில்லை, நானும் சேலைக்காரிதான். ஆனால் அதில் ஒரு சங்கதி இருக்கிறது. உள்பாவாடை நாடாவை வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டினால் இடுப்பில் தோல் கறுத்துத் தடித்துப்போகும், அரிக்கும். நம்மில் பலருக்கு அந்தக் கறுப்பு வரி இருக்கும், யாரும் பொருட்படுத்துவதில்லை. 2024-ல் ஒரு மருத்துவ இதழில், அந்த இடத்தில் ஆறாத புண்ணாகி அது புற்றுநோயாக மாறிய இரண்டு வயதான பெண்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். அபூர்வமாக நடப்பதுதான், பயமுறுத்தச் சொல்லவில்லை. நாடாவுக்குப் பதில் அகலப் பட்டி வையுங்கள், கட்டுகிற இடத்தை அவ்வப்போது ஏற்றி இறக்குங்கள், வீட்டில் இருக்கும்போது தளர்த்தி விடுங்கள். புண் இருந்து ஆறாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

லெக்கின்ஸுக்கும் சொல்லிவிடுகிறேன். வியர்வையோடு தொடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் படர்தாமரை வராமல் என்ன செய்யும்? வந்தபின் மெடிக்கலில் கேட்டு ஏதாவது ஒரு களிம்பை வாங்கிப் பூசுகிறார்கள், அது ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் இன்னும் முற்றும். தளர்ந்த காட்டன் பேன்ட், உள்ளாடையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி வெயிலில் உலர்த்துவது, இதைச் செய்தாலே பாதி குறையும்.

அடுப்படியில் ஷிபான் ஷால், நைலான் நைட்டி கூடவே கூடாது. காட்டனும் தீப்பிடிக்கும்தான். ஆனால் செயற்கை நூல் உருகித் தோலோடு ஒட்டிவிடும். அந்தக் காயத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நைட்டிக்கட்சி (சங்கரன்கோவில்)

எல்லோரும் சேர்ந்து நைட்டியை ஓரங்கட்டுவதால் அதற்கு ஆதரவாக நான் வருகிறேன். காற்று போகிறது, இடுப்பில் இறுக்கம் இல்லை, ஜிப் வைத்தால் பால் கொடுக்கலாம், வயிறு பெரிதானாலும் சிறிதானாலும் அதே நைட்டிதான், 250 ரூபாய்க்கு நல்ல காட்டனில் கிடைக்கிறது. வேறு எந்த உடுப்பு இத்தனை வேலை பார்க்கும்? கெட்ட பெயர் வந்தது துணியால் இல்லை, பார்க்கிறவர்களால்.

ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் 2018-ல் பகலில் பெண்கள் நைட்டி போடக் கூடாது, போட்டால் 2000 ரூபாய் அபராதம், காட்டிக்கொடுப்பவருக்கு 1000 ரூபாய் என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்தது செய்தியில் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பெரியவர்கள் வெறும் உடம்போடு திண்ணையில் உட்கார்ந்திருந்தால் என்ன அபராதம் என்று யாரும் கேட்கவில்லை.

குடும்பத்தலைவர் (கே.டி.சி. நகர்)

வீட்டில்தானே இருக்கிறீர்கள்? எதைப் போட்டால் என்ன? இதற்கு இவ்வளவு பெரிய விவாதமா?

வள்ளியூர்க் காற்று (வள்ளியூர்)

அண்ணாச்சி, நீங்கள் வீட்டில் சாரம் (லுங்கி) கட்டியிருப்பீர்கள். அதே சாரத்தோடு, மேலே ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்கும் போவீர்கள், மளிகைக் கடைக்கும் போவீர்கள், பிள்ளையை வேனிலும் ஏற்றுவீர்கள். ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எங்களுக்கும் அப்படி ஒரு உடுப்பு வேண்டும் என்பதுதான் இந்த இழை. இப்போது புரிகிறதா?

குடும்பத்தலைவர் (கே.டி.சி. நகர்)

புரிகிறது. நியாயம்தான்.

ஷார்ஜாவில் ஒரு நெல்லைக்காரி

வெளிநாட்டில் இதை காப்ஸ்யூல் வார்ட்ரோப் என்பார்கள். 1970களில் லண்டனில் துணிக்கடை வைத்திருந்த சூசி ஃபோ (Susie Faux) என்பவர் பிரபலப்படுத்தியது. ஒன்றோடொன்று சேரக்கூடிய கொஞ்சம் துணிகளை மட்டும் வைத்துக்கொண்டு, எதை எடுத்தாலும் எதோடும் போடலாம் என்கிற மாதிரி அமைத்துக்கொள்வது. நான் இங்கே அப்படித்தான் இருக்கிறேன். பேன்ட் எல்லாம் கறுப்பு, கருநீலம். டாப் எதுவானாலும் சேரும். காலையில் யோசிக்கிற வேலையே இல்லை.

பொருநைக்கரை (பாளையங்கோட்டை)

//பேன்ட் எல்லாம் கறுப்பு// ஷார்ஜாவில் ஏ.சி. இருக்கிறது அக்கா! இங்கே சித்திரையில் கறுப்புப் பேன்ட் போட்டு மார்க்கெட் போனால் திரும்பி வரும்போது நான் அவிந்திருப்பேன். ஆனால் எதோடும் சேருகிற பேன்ட் என்பது பிடித்திருக்கிறது. கறுப்புக்குப் பதில் காவி நிறமோ சாம்பலோ வைத்துக்கொள்ளலாம்.

தையல்மிஷின் அக்கா சொன்னதுதான் எனக்குச் சரியாக வரும்போல் இருக்கிறது. சேலையில் நான் நாள் முழுக்க இருந்ததில்லை ஆச்சி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற எனக்குப் பயம்.

இன்னொரு விஷயம். ஆபீஸ் சுடிதார்களை ஏன் வீட்டில் போடவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். மனசு வரவில்லை. மஞ்சள் பட்டுவிடும், எண்ணெய் தெறிக்கும், நாளைக்கு மறுபடி வேலைக்குப் போனால் வேண்டுமே என்று ஒரு எண்ணம்.

கொக்கிரகுளத்துக்காரி

நானும் இப்படித்தான் "பிறகு ஆகும்" என்று எடுத்து வைத்தேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது பீரோவின் கீழ்த்தட்டு முழுக்கச் சேற்றில் நின்றது. ஜரிகைச் சேலைகளில் பாதி ஒன்றின் சாயம் ஒன்றில் ஏறி வீணாகிவிட்டது. சிலதை நான் இரண்டாவது தடவை கட்டவே இல்லை. அதற்கப்புறம் வீட்டில் எதையும் "நல்லது" என்று ஒதுக்குவதில்லை. காட்டன் சுங்குடிச் சேலைகளை வீட்டிலேயே கட்டிக் கிழிக்கிறேன், பட்டு மட்டும் மேல்தட்டில்.

மேலப்பாளையத்துக்காரி

மேலே புர்கா போட்டுக்கொண்டால் உள்ளே எதுவும் போடலாமே, உங்களுக்கு என்ன கவலை என்று என் பக்கத்துவீட்டு அக்கா கேட்பார்கள். தெருமுனைக்குப் போக உடுப்பு மாற்ற வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் கடையில் கிடைக்கிற புர்காவில் பெரும்பாலும் பாலியஸ்டர் துணி. அதற்குள் தடித்த சுடிதாரையும் போட்டால் முதுகு முழுக்க வேர்க்குரு. நான் உள்ளே மல்மல் துணியில் கையில்லாத நீள ஷிம்மீஸ் மாதிரி தைத்து வைத்திருக்கிறேன். வீட்டில் ஆள் இல்லாத நேரம் அதோடேயே இருக்கலாம், யாராவது வந்தால் மேலே ஒன்றை மாட்டினால் போதும். எங்கள் உம்மாவின் உம்மா காலத்தில் வெள்ளை நூல் துப்பட்டிதான் போர்த்திக்கொண்டு போவார்கள். வெயிலுக்கு அது எவ்வளவோ மேல்.

சாரல்தூறல் (தென்காசி)

முதலில் விளையாட்டாகச் சொன்னேன், இப்போது உருப்படியாக ஒன்று. "எத்தனை வேண்டும்" என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அது உங்கள் கொடியைப் பொறுத்தது. பாளையங்கோட்டையில் காலையில் காயப்போட்டால் மதியம் எடுத்துவிடலாம், அதனால் நாலு செட் இருந்தாலே தாராளம். உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று, அலமாரியில் இரண்டு. எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் சாரல் அடிக்கும். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது சீசன், எங்களுக்கு நாலு நாளானாலும் பேன்ட் பட்டியில் ஈரம் போகாத காலம். ஏழு செட் இல்லாமல் நான் தப்பிக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் உங்களுக்கும் அதே கதி வரும், அதற்கென்று இரண்டு செட் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

தடித்த துணி அந்த நேரத்தில் சத்துரு. காலரும் பட்டியும் லைனிங்கும் இருக்கிற உடுப்பு காயவே காயாது, காய்ந்த மாதிரி இருந்து ஈரவாடை அடிக்கும்.

வள்ளியூர்க் காற்று (வள்ளியூர்)

எங்கள் ஊரில் நேர் எதிர். ஆடிக்காற்றில் அரைமணியில் காய்ந்துவிடும், கிளிப் போடாவிட்டால் பக்கத்துத் தெருவில் போய்ப் பொறுக்க வேண்டும். அந்தக் காற்றில் யோக் வைத்துக் கொசுவம் விட்ட டாப் குடையாக விரியும், தையல்மிஷின் அக்கா. ஸ்கூட்டியில் போகிறவர்கள் கீழ்ப்பக்கம் அகலம் குறைத்து வையுங்கள். எங்கள் வீட்டு போர்த் தண்ணீர் உப்பு, வெளிர்நிற காட்டன் எல்லாம் சீக்கிரமே மங்கிவிடுகிறது. அதனால் நான் சின்னப் பூப்போட்ட நடுத்தர நிறங்கள்தான் எடுப்பது.

தையல்மிஷின் (வீரவநல்லூர்)

//கீழ்ப்பக்கம் அகலம்// சரி, காற்றுப் பக்கத்துக்காரர்களுக்குக் கொசுவத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

பொருநைக்கரை, புதிதாகத் தைக்கச் செலவு பண்ண வேண்டாம். அந்த ஆபீஸ் சுடிதார்களையே கொண்டுவந்து கட்டிலில் பரப்புங்கள். சைடு தையலுக்கு உள்ளே துணி விட்டிருப்பார்கள், அதைப் பிரித்து அடித்தால் பெரும்பாலும் இரண்டு அங்குலம் வரை தளர்த்தலாம், பிள்ளை பெற்ற உடம்புக்கு அது போதும். சைடு கட்டைக் கொஞ்சம் கீழே இறக்கி அடித்துவிட்டால் நான் சொன்ன டாப் வந்துவிட்டது. லைனிங் வைத்தது என்றால் லைனிங்கை வெட்டி எடுங்கள், பாதிச் சூடு குறையும். ஒல்லித்துணி என்றால் மட்டும் யோசியுங்கள். ஷால்களில் காட்டன் ஷாலைத் தனியே வையுங்கள், பிள்ளையைப் போர்த்தவும் அவசரத்துக்குத் தோளில் போடவும் ஆகும்.

எங்கள் ஊர்ச் செடிபுட்டா சேலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு மீன் கழுவச் சொல்ல மாட்டேன். நெய்தவர் வயிறெரியும். ஆனால் ஆபீஸ் சுடிதார் அப்படி இல்லை, அது உழைக்கிறதற்கென்றே எடுத்த துணி. வேலைக்குத் திரும்பும்போது உங்கள் அளவும் மாறியிருக்கும், கழுத்து டிசைனும் மாறியிருக்கும்.

முன்னாள் நர்ஸ் (வண்ணார்பேட்டை)

மஞ்சள் கறைக்குப் பயப்படவே வேண்டாம். சோப்பு பட்டதும் சிவந்து பயமுறுத்தும். அலசி வெயிலில் போட்டால் தானாக வெளுத்துப்போகும், மஞ்சளுக்கு வெளிச்சம் ஆகாது. வாழைக்கறைதான் போகாது. வாழைக்காய், வாழைப்பூ, தண்டு நறுக்குகிற அன்று மட்டும் பழைய நைட்டியில் இருங்கள்.

பொருநைக்கரை (பாளையங்கோட்டை)

நேற்று சாயங்காலம் பிள்ளைகள் தூங்கியதும் அத்தையையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பீரோவைக் கொட்டினேன். சுடிதாரில் பாதிக்குமேல் காட்டன்தான். அவற்றைத் தளர்த்தி அடிக்க எடுத்து வைத்தாயிற்று. ஜார்ஜெட், ஷிபான் எல்லாம் என் நாத்தனார் மகள் காலேஜுக்குப் போட வாங்கிக்கொண்டாள். நைட்டியில் இரண்டை ராத்திரிக்கு வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தரைத்துணியாக்கியாயிற்று. நைட்டிக்கட்சி அக்கா மன்னிக்க வேண்டும்.

அத்தை சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். "நான் நைட்டியைச் சொல்லல, அந்தக் கிழிசலைத்தான் சொன்னேன்" என்றார்கள். சொல்லிவிட்டு அவர்களுக்கும் முன்பக்கம் ஜிப் இல்லாமல் பட்டன் வைத்த நல்ல நைட்டி இரண்டு எடுத்துத் தரச் சொன்னார்கள்!

சேலைகளை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. ஊரில் கோயில் கொடை வருகிறது, வளைகாப்பு இரண்டு இருக்கிறது. ஒரே சேலையை எல்லா விசேஷத்துக்கும் கட்டினால் போட்டோவில் தெரியும் என்கிறாள் தங்கை.

நைட்டிக்கட்சி (சங்கரன்கோவில்)

மன்னித்தேன். அத்தையம்மாவை எங்கள் கட்சியில் சேர்த்துக்கொள்கிறோம்.

அம்பை ஆச்சி (அம்பாசமுத்திரம்)

போட்டோவில் தெரிந்தால் தெரியட்டும். நாங்கள் ஒரே பட்டுச்சேலையில் ஏழு கல்யாணத்துக்குப் போயிருக்கிறோம், பந்தியில் யாரும் எழுப்பிவிடவில்லை.

மேலப்பாளையத்துக்காரி

நாங்கள் அக்கா தங்கைகள் விசேஷச் சேலையை மாற்றி மாற்றிக் கட்டிக்கொள்வோம். சட்டைதான் சேராது, அதனால் எல்லோரும் ஆளுக்கொரு பொன்னிறச் சட்டை, ஒரு கறுப்புச் சட்டை தைத்து வைத்திருக்கிறோம். எந்தச் சேலைக்கும் ஓடிவிடும்.

பொருநைக்கரை (பாளையங்கோட்டை)

இது நல்ல யோசனை, தங்கையிடம் சொல்கிறேன். தையல்மிஷின் அக்கா, கடைசியாக ஒன்று. டாப்பில் பை வைக்க முடியுமா? போனும் சாவியும் வைத்துக்கொள்ள இடமில்லாமல்தான் வேன் வரும்போதெல்லாம் கைப்பை தேடுகிறேன். இரண்டு பக்கமும் வேண்டும்.

தையல்மிஷின் (வீரவநல்லூர்)

தாராளமாக வைக்கலாம், சைடு தையலைப் பிரிக்கிறபோதே சேர்த்து அடித்துவிடலாம். ஆறு அங்குல அகலம், எட்டு அங்குல ஆழம் இருந்தால் பெரிய போனும் உள்ளே போகும். பைத்துணி மட்டும் டாப்பைவிடக் கெட்டியாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சாவி ஓட்டை போடும். ஆனால் வலது பக்கம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பிள்ளையை இடது இடுப்பில்தானே தூக்குவீர்கள்? அந்தப் பக்கம் பை இருந்தால் பிள்ளை அதில் காலை விட்டுப் போனைக் கீழே தள்ளும்.